பீச்–தாம்பரம் தடத்தில் எலெக்ட்ரிக் கிட்டார்

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றின் வயதை அறிய அதன் கழுத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஃபெண்டர் கிட்டாராக இருந்தால் உடலின் பின்பக்கம் ஓர் உலோகத் தகடும் பெரும்பாலும் நான்கு திருகுகளும் இருக்கும். திருகுகளை எடுத்ததும் கழுத்து தனியே வந்துவிடும். உடலுக்குள் ஒளிந்திருந்த அதன் அடிமுனையில், 1960களின் தொடக்கம் வரை செய்தவற்றில் பெரும்பாலும் பென்சிலால் எழுதிய மாதமும் ஆண்டும் தெரியும். 1962இல் ரப்பர் முத்திரை வந்தது. ‘2 மார்ச் 63 பி’ என்று முத்திரை இருந்தால் அந்தக் கழுத்து 1963 மார்ச் மாதத்துக்குரியது. முன்னால் நிற்கும் 2, ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலுக்கான எண். கடைசி எழுத்து கழுத்தின் அகலத்தைக் குறிக்கும். மார்ச் 2ஆம் தேதி என்று தவறாகப் படிப்பவர்கள் இன்றும் ஏராளம்.

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல்கள் அடுத்த சாட்சி. அவற்றின் உலோக முதுகில் ஆறேழு இலக்கங்கள் குத்தப்பட்டிருக்கும். முதல் மூன்றும் செய்த நிறுவனத்தைச் சொல்லும்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து வருவது ஆண்டு, அதற்கடுத்தது வாரம். 1376614 என்பது சி.டி.எஸ். நிறுவனம் 1966ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த கன்ட்ரோல். கிட்டாரும் 1966இல் பிறந்தது என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. அந்த ஆண்டு ஃபெண்டர் மொத்தமாக வாங்கிக் குவித்த கன்ட்ரோல்கள் தீர மேலும் சில ஆண்டுகள் ஆயின. கிட்டார் இந்தத் தேதிக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே அந்த எண் உறுதியாகச் சொல்கிறது. அதுவும் கன்ட்ரோல் ஆலையிலேயே பொருத்தப்பட்டதாக இருந்தால்தான்.

கிப்சன் நிறுவனத்தின் வழக்கம் வேறு. 1950களின் லெஸ் பால் கிட்டார்களில் தலையின் பின்புறம் மையால் பதித்த எண்ணின் முதல் இலக்கமே ஆண்டைக் காட்டும். 9 என்று தொடங்கினால் 1959. 1960களில் ஒரே எண்ணைப் பல கிட்டார்களுக்குத் திரும்பத் திரும்பப் பதித்தார்கள். அந்தக் காலத்துக் கிப்சனில் எண்ணை மட்டும் நம்புகிறவர் ஏமாந்துபோவார். 1977இல் எட்டு இலக்க முறை வந்தபின் குழப்பம் தீர்ந்தது. 80401145 என்ற எண்ணில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து 81. இடையில் உள்ள 040 அந்த ஆண்டின் நாற்பதாவது நாள், அதாவது பிப்ரவரி 9. கடைசி மூன்று இலக்கம் 500க்குக் கீழே இருப்பதால் அது 1984இல் மூடப்பட்ட கலமசூ ஆலையின் கிட்டார்; 500ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நாஷ்வில்.

இவையெல்லாம் அமெரிக்காவில் நடந்த பிறப்பைச் சொல்கின்றன. சென்னையின் தென்புறநகரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் கிட்டாருக்கு இது பாதி வரலாறுதான். கடல் தாண்டி எப்படி வந்தது, யார் கையில் ஒலித்தது, எந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்பதை எந்தத் தகட்டிலும் குத்தி வைக்கவில்லை. அந்த மறுபாதி பீச் நிலையம் முதல் தாம்பரம் வரை சுமார் 30 கி.மீ. ஓடும் ரயில் தடத்தை ஒட்டியே கிடக்கிறது.

கருவிக்கும் அந்தத் தடத்துக்கும் ஒரே வயது. 1931இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் பீச்சம் என்ற இசைக்கலைஞர், இரும்புக் கம்பிகளுக்கு அருகே குதிரைலாட வடிவக் காந்தங்களையும் செப்புக்கம்பிச் சுருளையும் வைத்து ஒரு கிட்டாரைப் பாட வைத்தார். கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. அந்தக் கலைவு சுருளில் நுண்ணிய மின்னோட்டமாகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இந்தப் பொறியின் பெயர்தான் பிக்கப். இன்றுவரை தத்துவம் மாறவில்லை. அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1932இல் அலுமினிய வார்ப்பில் செய்து விற்றபோது, வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்த அந்தக் கருவிக்கு வாணலிப் பெயரே நிலைத்தது. மடியில் கிடத்தி, உலோகத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்கும் ஹவாய் கிட்டார் அது. காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது.

அதே 1931இல், மே 11 அன்று, தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் மின்சார ரயில் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஊர்கள் நகரத்தின் தினசரி வாழ்வோடு ஒட்டிக்கொண்டது அந்த ரயிலால். வேலைக்குப் போய்வரும் தொலைவு சுருங்கியது. கையில் வாத்தியப் பெட்டியோடு சாயங்காலம் நகரத்துக்குப் போய் இரவு கடைசி வண்டியில் திரும்பும் பிழைப்பும் சாத்தியமானது.

பரங்கிமலை ஆங்கிலேயர் காலத்தில் பீரங்கிப் படையின் தலைமையிடம். பல்லாவரம் அதை ஒட்டிய கண்டோன்மென்ட். ஓய்வுபெற்ற படைவீரர்கள் குடியிருந்த வெட்டரன் லைன்ஸ் இன்றும் அந்தப் பெயரோடு அங்கே இருக்கிறது. ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய துறைகளில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்தப் பகுதிகளில் நிறைந்திருந்தன. பியானோவும் வயலினும் கிட்டாரும் அவர்கள் வீட்டுக் கூடத்துப் பொருள்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மே குயின் நடனம் எதுவானாலும் மேடையில் ஒரு பேண்ட் வேண்டும். நடனக் கூடத்தில் நூறு ஜோடிக் கால்களின் சத்தத்தைத் தாண்டிச் சாதாரணக் கிட்டார் காதில் விழாது. எலெக்ட்ரிக் கிட்டார் உலகம் முழுவதும் பரவியதற்கு முதல் காரணம் இந்த எளிய தேவைதான். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் அது வேறுபடவில்லை. வாத்தியமும் நோட்டுப் புத்தகமும் வாங்க மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிகல் இருந்தது. 1842இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கி, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளை மதராஸ் பிள்ளைகளுக்கு வாடிக்கையாக்கிய கடை அது.

அமெரிக்காவில் ஃபெண்டரின் பலகை உடல் கிட்டார் 1950இல் வந்தது. 1952இல் கிப்சன் லெஸ் பால், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இவை கண்ணில் படாத இடம் மதராஸ் மட்டும் அல்ல. பிரிட்டனிலேயே 1951 முதல் 1959 வரை அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதிக்குத் தடை. தடை விலகிய 1959இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தன் குழுவின் கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வினுக்காக ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரை வரவழைத்தார். ஃபியஸ்டா ரெட் நிறம், தங்க முலாம் பூசிய உலோகப் பாகங்கள், கழுத்துத் தகட்டில் 34346. பிரிட்டனுக்குள் நுழைந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று கொண்டாடப்படும் அந்தக் கிட்டாரின் எண்ணை ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1960இல் அந்தக் குழு ‘தி ஷேடோஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட ‘அப்பாச்சி’ இசைத்தட்டு கிட்டாரை மட்டும் நாயகனாக வைத்து உலகைச் சுற்றியது. கிளிஃப் ரிச்சர்ட் 1940இல் லக்னோவில் ஹாரி வெப் ஆகப் பிறந்து, 1948இல் பெற்றோருடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். இந்திய ரயில்வே குடியிருப்புகளில் ஷேடோஸ் மெட்டுகளை இளைஞர்கள் வெறியோடு பழகியதற்கு இந்த இந்தியத் தொடர்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரிட்டனின் தடை எட்டு ஆண்டில் முடிந்தது. இந்தியாவில் நுகர்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாடு 1991க்குப் பின்தான் தளரத் தொடங்கி, 2001 ஏப்ரலில் முழுமையாக விலகியது. இடைப்பட்ட காலத்தில் இங்கே வந்த ஒவ்வொரு ஃபெண்டரும் கிப்சனும் யாரோ ஒருவரின் பெட்டியில் வந்தது: கப்பல் வேலைக்குப் போனவர், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய உறவினர், பணி முடிந்து நாடு திரும்புமுன் விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரர். மதராஸில் ஒரு பழைய அமெரிக்கக் கிட்டார் அரிதாக இருப்பதன் காரணம் இதுதான். 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த ‘சன்பர்ஸ்ட்’ லெஸ் பால் உலகம் முழுவதற்குமே சுமார் 1,500தான். அதன் அருமை எண்ணிக்கையால் வந்தது. இங்கேயோ சாதாரணமான 1970களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கூட அது கடந்துவந்த சுங்கத் தடைகளால் அரிதாகிறது. விலைப்பட்டியல்கள் இந்த அருமையைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாங்க முடியாதவர்கள் செய்துகொண்டார்கள். கல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்கள் மலிவாகக் கிடைத்தன. கிப்சனின் பெயரை ஓரெழுத்து மாற்றித் தாங்கிய அவற்றில்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் முதல் கார்டைப் பிடித்தார்கள். படத்தைப் பார்த்துத் தச்சரிடம் உடலை அறுத்து வாங்கி, பிக்கப்பை மட்டும் தேடிப் பிடித்த குழுக்களும் நாடெங்கும் இருந்தன. 1970, 1971ஆம் ஆண்டுகளின் ‘சிம்லா பீட்’ இசைக்குழுப் போட்டியின் இசைத்தட்டுகளில் ஒலிக்கும் இந்தியக் குழுக்கள் இப்படிப்பட்ட பற்றாக்குறையில் வளர்ந்த தலைமுறை. ஆம்ப்ளிஃபையருக்குச் சென்னையின் ரிட்சி தெரு. ரேடியோ பாகங்களுக்குப் பேர்போன அந்தத் தெருவில் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், கன்ட்ரோல் என்று எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கலாம்.

அசல் அமெரிக்க ஆம்ப் கிடைத்தாலும் சிக்கல் தீரவில்லை. அது 117 வோல்ட்டுக்கும் நொடிக்கு 60 அலைவுக்கும் செய்தது. இங்கே 230 வோல்ட், 50 அலைவு. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், அலைவு மாறாது. உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடேறும். ஒற்றைச் சுருள் பிக்கப் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்து இழுக்கும். அமெரிக்காவில் அந்த ரீங்காரம் ஏ ஷார்ப்புக்கும் பி சுரத்துக்கும் நடுவே எங்கோ நிற்கும். இந்தியாவில் அது ஜி சுரத்துக்குச் சற்று மேலே விழுகிறது. ஒரே கிட்டார் இரண்டு நாட்டில் இரண்டு சுருதியில் முனகுகிறது. கிப்சனின் சேத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த முனகலை அடக்கினார். 1957 முதல் அந்தப் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஒட்டிய சிறு கறுப்புச் சீட்டு, இன்று கிட்டாரின் விலையையே தீர்மானிக்கிறது.

தாம்பரத்திலிருந்து நகரத்தை நோக்கிப் போகும் அதே ரயில் கோடம்பாக்கத்தில் நிற்கும். 1950கள் முதல் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழிப் படங்களின் பாடல்களும் அந்த வட்டாரத்து ஸ்டுடியோக்களில்தான் பதிவாயின. மேற்கத்திய வாத்தியம் வாசிக்கத் தெரிந்த ஆங்கிலோ இந்திய, கோவா கலைஞர்களுக்கு அங்கே நிரந்தர வேலை இருந்தது. நடனக் கூடத்துக் கிட்டார் மெல்ல ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) பாடல்களைக் கேட்டால் அந்த நடனக் கூடமே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது புரியும். வாசித்தவர்களின் பெயர்களை மட்டும் இசைத்தட்டு உறையிலும் படத்தின் தலைப்பு அட்டையிலும் தேட வேண்டியதில்லை, அச்சிட்டது அபூர்வம். லட்சக்கணக்கானோர் தினமும் கேட்ட ஒலிக்குச் சொந்தக்காரர்களை இப்படி மறைத்தது பெரிய அநீதி. பழைய கிட்டார் ஒன்று எந்தப் பாட்டில் வாசிக்கப்பட்டது என்று நிறுவ முடியாமல் போவதும் இதனால்தான்.

இளையராஜாவின் வரவோடு இந்த நிலை ஓரளவு மாறியது. மதராஸில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறி, பிறர் இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர் அவர். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபின், கிட்டார் பாட்டின் ஓரத்திலிருந்து அதன் எலும்புக்கு நகர்ந்தது. அவருடைய நூறாவது படமான ‘மூடுபனி’யில் (1980) நாயகன் கையிலேயே கிட்டார். சந்திரசேகர், சதானந்தம், பேஸ் கிட்டாருக்கு சசிதரன் என்று வாசித்தவர்களின் பெயரை ரசிகர்கள் தேடிச் சொல்லத் தொடங்கினார்கள்.

இதே நகரத்தில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வேறெங்கும் கிடைக்காத இன்னொரு வாழ்வு கிடைத்தது. கர்நாடக இசைக்கு உயிர் கமகம். சுரத்தை அசைக்க வேண்டும், அசைந்தபின் அது காதில் நிற்கவும் வேண்டும். வீணையில் மெழுகில் பதித்த மெட்டுகளின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிப்பார்கள். சாதாரண மேண்டலினில் இது நடக்காது. அதன் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடியாக இருக்கும். ஜோடியை ஒரே அளவில் இழுக்க முடியாது, மீட்டிய ஒலியும் உடனே அடங்கிவிடும். பாலகொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை ஒற்றைக் கம்பிகளாக்கி, கீழ் ஸ்தாயிக்கு ஐந்தாவது கம்பி சேர்த்து, பிக்கப் பொருத்திய பலகை மேண்டலினில் வாசித்தார். பிக்கப்பும் ஆம்ப்பும் தந்த கார்வை, கமகத்துக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தது. 1981இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் அந்தச் சிறுவன் வாசித்தபோது, மின்சார வாத்தியத்துக்குச் சபையில் இடமா என்ற முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. வாசிப்பு அதை அடக்கியது. குட்டி ஸ்ட்ராட்டோகாஸ்டர் போலத் தோன்றும் நான்கு ஒற்றைக் கம்பி மேண்டலினை ஃபெண்டர் 1956இலேயே செய்திருந்தது. அதைக் கச்சேரி வாத்தியமாக்கும் எண்ணம் கலிபோர்னியாவில் எவருக்கும் தோன்றியிருக்க முடியாது.

1980களில் சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்தார். அடுத்து வந்தவர் ராணிப்பேட்டையில் 1970இல் பிறந்த ஆர். பிரசன்னா. கிண்டியை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர். 1974 முதல் ‘மார்டி கிரா’ என்றும், 1990களிலிருந்து ‘சாரங்’ என்றும் அழைக்கப்படும் அந்தக் கல்லூரி விழாவின் ராக் இரவுகள் தென்சென்னை இளைஞர்களுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரை நேரில் பார்க்கும் வாய்ப்பாக இருந்தன. திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் ஏ. கன்யாகுமாரியிடமும் பாடம் கேட்ட பிரசன்னா, பின்னர் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் படித்தார். ஃப்ரெட் எனும் மெட்டுகளைப் பிடுங்காமல், கம்பியை இழுத்தும் வழுக்கியும் கமகத்தைக் கொண்டுவருவது அவர் வழி. ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக அவர் செய்த ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ 2006இல் வந்தது.

இதற்குள் பரங்கிமலையும் பல்லாவரமும் மாறிவிட்டன. 1947க்குப் பின் அலை அலையாக ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போயின. போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை விற்றார்கள் அல்லது உறவினரிடம் விட்டுப்போனார்கள். பழம்பொருள் தேடுபவர்களுக்குப் பார்க் ஸ்டேஷன் அருகே மூர் மார்க்கெட் இருந்தது; 1985 மே மாதம் அது எரிந்தது. தெற்கே இன்றும் உயிரோடு இருப்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. செடி, கோழி, பழைய கதவு, கிராமபோன், கழற்றிய கம்ப்யூட்டர், பெயர் தெரியாத இயந்திரப் பாகங்கள் என்று தார்ப்பாயில் பரப்பியிருக்கும் குவியலில் கம்பியறுந்த கிட்டாரும் வந்து சேரும்.

அப்படிக் கிடைக்கும் கிட்டாரைப் படிக்கும்போது அமெரிக்க வழிகாட்டி நூல் பாதியில் கைவிட்டுவிடும். கடற்காற்றில் திருகுகள் துருவேறிக் கழுத்தே கழலாமல் போயிருக்கலாம். பித்தளைப் பாகங்களில் களிம்பு ஏறியிருக்கும். 137, 304 என்று தொடங்க வேண்டிய கன்ட்ரோலின் இடத்தில் ரிட்சி தெருக் கன்ட்ரோல் இருக்கலாம். பழுதான பிக்கப்பைக் கையால் மறுபடி சுற்றியிருக்கலாம். உலகச் சந்தை இந்த மாற்றங்களைக் குறையாகக் கணக்கிட்டு விலையைக் குறைக்கிறது. வரலாறு தேடுபவருக்கோ இவையே முதன்மை ஆதாரம்: இந்தக் கிட்டார் இங்கே வாழ்ந்தது, பழுதானது, எவரோ அதைக் கைவிடாமல் உயிர்ப்பித்தார் என்பதற்கான அடையாளம். ‘அசல்’ பாகம் வாங்கிப் பொருத்த அவற்றைப் பிடுங்கி எறிவது, பத்திரத்தின் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம். பிடுங்கியே தீர வேண்டுமென்றால் உறையிலிட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும்.

விரல்பலகையின் மரமும் பேசும். ஃபெண்டர் 1950களின் இறுதி முதல் ரோஸ்வுட் பலகையைத் தடித்த துண்டாக ஒட்டியது. 1962இல் அதை மெல்லிய வளைந்த தகடாக்கியது. கழுத்தின் முனையில் அந்தக் கோட்டைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம். முதலில் பிரேசில் மரம் வந்துகொண்டிருந்தது. 1960களின் நடுவிலிருந்து அந்த இடத்தை இந்திய ரோஸ்வுட் பிடித்தது. மார்ட்டின் போன்ற கிட்டார் நிறுவனங்களும் 1970ஐ ஒட்டி அதற்கு மாறின. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். அமெரிக்கா போய்க் கிட்டாராகி, யாரோ ஒருவரின் பெட்டியில் திரும்பி வந்த மரம் இந்தப் புறநகரில் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் ஈட்டியை வெட்டாமல் காக்க 1994இல் தனிப் பாதுகாப்புச் சட்டமே இயற்றினார்கள்.

நாடுவிட்டு நாடு கிட்டாரை விற்பவருக்கு மரம் ஒரு காகித வேலையும் வைக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் சர்வதேசக் காட்டுயிர் வணிக உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்ந்தது. ஈட்டி உட்பட அந்தப் பேரினத்தின் மற்ற மரங்கள் 2017 ஜனவரியில் அடுத்த பட்டியலுக்கு வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. எனவே 1960களின் ஃபெண்டருக்கு எந்த நாட்டு மரம் என்று அறிந்து சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்திலிருந்தும் வருகிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டு நிறைந்த கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. 1932இல் விற்பனைக்கு வந்த முதல் வாணலிக் கிட்டார்களுக்கு 2032இல் அந்த வயது நிறையும். முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களுக்கு 2054இல்.